சிறு கடையின் வெப்சைட்டுக்கு உருப்படியான கருத்து வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

புது வெப்சைட்டின் லிங்க்கை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எப்படி இருக்கு, பாத்து சொல்லுங்க" என்று கேட்டால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு கைதட்டல், ரெண்டு "சூப்பர்". மாமா ஒருவர் மட்டும் "லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணலாம்" என்பார். அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. சொன்னவர்கள் மேல் குறையில்லை. நீங்கள் ரசனையைக் கேட்டீர்கள், ரசனை பதிலாக வந்தது. உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. வாங்க வருகிறவர் எங்கே தடுமாறுகிறார், எதைத் தேடிக் கிடைக்காமல் போகிறார், எதை நம்பாமல் கிளம்பிவிடுகிறார்? இதைக் கேட்டு வாங்குவதைவிட, அவர் வாங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதே சுலபம்.

உதாரணத்துக்கு மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று மூன்று சரக்கு. அரை லிட்டர், ஒரு லிட்டர், 5 லிட்டர் என்று மூன்று அளவு. தமிழ்நாடு முழுக்க கூரியர், பணம் யு.பி.ஐ.யில். நீங்கள் விற்பது சேலையாக இருந்தாலும் முறுக்காக இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் கருவி சொல்வதைத் திருத்துங்கள்

இலவசக் கருவி அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கும் குறையைச் சொல்ல ஒரு மனிதரின் அரை மணி நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. பக்கம் திறக்கவே பத்து செகண்ட் ஆனால், வருகிற ஐந்து பேரும் "ஸ்லோவா இருக்கு" என்பார்கள். அதற்கு அடியில் இருக்கும் மற்ற குறைகள் வெளியே வராது.

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, மொபைல் பிரிவைப் பாருங்கள். அங்கே மூன்று எண்கள் முக்கியம். திரையின் பெரிய படம் அல்லது எழுத்து 2.5 செகண்டுக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் பக்கம் பதில் காட்ட வேண்டும். படிக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். கூட்டம் குறைவாக வரும் சைட்டுகளுக்கு உண்மையான பயனர்களிடம் எடுத்த அளவு இருக்காது, கருவி தானே சோதித்துப் பார்த்த எண் மட்டும் வரும். அதைத் திசைகாட்டியாக மட்டும் எடுத்துக்கொண்டு, மதிப்பெண் நூறு வர வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள்.

சிறு கடைகளின் சைட் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் படம்தான் காரணம். போனில் எடுத்த 4 எம்.பி. பாட்டில் படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். அகலத்தை 1200 முதல் 1600 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் 200 கே.பி.க்குள் வந்துவிடும்.

அடுத்தது நிற வேறுபாடு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது வெப் அணுகல் விதி. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். தங்க மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து ஏறக்குறைய 2-க்கு 1 தான் தேறும். வாட்ஸ்அப்பின் வெளிர்பச்சையில் வெள்ளை எழுத்துக்கும் அதே கதி. டிசைனரின் லேப்டாப்பில் இரண்டும் பளிச்சென்று தெரியும். வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

சட்டப்படி இருக்க வேண்டியதையும் நீங்களே சரிபாருங்கள், கருத்துச் சொல்ல வருபவர் யாரும் இதைக் கவனிக்க மாட்டார். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி நிறுவனப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பு அலுவலர் விவரம் ஆகியவை சைட்டில் இருக்க வேண்டும். உணவுப் பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணும் வேண்டும்.

கையில் ஏற்கெனவே இருக்கும் கருத்து

யாரையும் கூப்பிடுவதற்கு முன் கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசி 50 வாடிக்கையாளர் உரையாடல்களைப் படியுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் ஒரு தாளில் எழுதி, அதே கேள்வி திரும்ப வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். "டெலிவரி சார்ஜ் எவ்ளோ?", "எத்தன நாள்ல வரும்?", "ஒரு லிட்டரா, ஒரு கிலோவா?", "கேஷ் ஆன் டெலிவரி உண்டா?" என்று ஏழெட்டுக் கேள்விகளே சுற்றிச் சுற்றி வரும்.

அதிகக் கோடு விழுந்த கேள்விக்கான பதில் சைட்டில் இல்லை, அல்லது இருந்தும் கண்ணில் படவில்லை. இரண்டும் ஒன்றல்ல. லிட்டர்-கிலோ குழப்பம் முதல் வகை: ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். செக்கில் கிலோ கணக்கில் வாங்கிப் பழகியவருக்கு அது சந்தேகத்தைக் கிளப்பும், விலைக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதினால் தீரும். டெலிவரி கட்டணம் பெரும்பாலும் இரண்டாம் வகை: பாலிசி பக்கத்தில் நாலாவது பத்தியில் எழுதியிருக்கும், யாரும் அங்கே போக மாட்டார்கள்.

இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும், செலவு கிடையாது. இருந்தும் பலர் இதைத் தாண்டிவிட்டு நேராக டிசைனரிடம் ஓடுவது ஏன் என்று தெரியவில்லை.

யாரைக் கூப்பிடுவது, எத்தனை பேரை

ஐந்து பேர் போதும். பயன்பாட்டுச் சோதனையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளில் முட்டிக்கொள்வார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும். ஆறாவது, ஏழாவது ஆள் பெரும்பாலும் ஏற்கெனவே கண்டதையே காட்டுவார். அதனால் 15 பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட ஐவரைப் பார்த்து, திருத்தி, வேறு ஐவரைப் பார்ப்பது மேல். அந்தக் கணக்கு ஒரே மாதிரியான பயனர்களுக்குத்தான் பொருந்தும். வீட்டுக்கு வாங்குபவரும் மாதம் பத்து டின் வாங்கும் மெஸ்காரரும் வேறு வேறு கூட்டம், தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஐவரில் இருவர் உங்களிடம் நேரில் வாங்குபவர்களாக இருக்கட்டும், ஆனால் சைட்டை இதுவரை திறக்காதவர்கள். இருவர் உங்கள் கடைப் பெயரே கேள்விப்படாதவர்கள், ஆனால் செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள். ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். குறைந்தது இரண்டு பேரிடம் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் இருக்க வேண்டும், சோதனையும் அவரவர் போனிலேயே நடக்க வேண்டும். உங்கள் போனைக் கையில் கொடுத்தால் பக்கம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், முகவரி தானாக நிரம்பும், எழுத்து அளவு உங்கள் கண்ணுக்கேற்றபடி இருக்கும்.

வீட்டார், கடை ஊழியர், சைட் செய்தவர் மூவரும் வேண்டாம். அதே தொழிலில் இருக்கும் நண்பரும் வேண்டாம். அவர் வாங்குகிறவராகப் பார்க்க மாட்டார், கடைக்காரராகத்தான் பார்ப்பார்.

கேள்வி கேட்காதீர்கள், வேலை கொடுங்கள்

"மெனு புரியுதா?" என்றால் "புரியுது" என்பார்கள். "இந்த சைட்ல வாங்குவீங்களா?" என்றால் உங்கள் முகத்துக்காக "கண்டிப்பா" என்பார்கள். எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதிக்கு மதிப்பில்லை. நடந்ததைக் கேளுங்கள்: "கடைசியா எண்ணெய் எங்க வாங்குனீங்க? ஆன்லைன்ல வாங்குனீங்களா, ஏன் வாங்கல?"

அதன்பின் வேலை. நாலு போதும், ஒன்றன்பின் ஒன்றாக:

1. "இன்ஸ்டாகிராம்ல இந்தக் கடையப் பாத்தீங்கன்னு வெச்சுக்குங்க. அங்க இருந்து உள்ள போங்க. இவங்க என்ன விக்கிறாங்க, உங்களுக்கு நம்பிக்கை வருதா, சொல்லுங்க."
2. "சேலத்துல இருக்குற உங்க அக்காவுக்கு ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய் அனுப்பணும். மொத்தம் எவ்வளவு ஆகும், எந்த நாள் போய்ச் சேரும்?"
3. "அத ஆர்டர் பண்ணுங்க. பணம் கட்டுற வரைக்கும் போங்க."
4. "பாட்டில் உடைஞ்சு வந்துருச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?"

வேலையைச் சொல்லும்போது பட்டனில் எழுதியிருக்கும் சொல்லைச் சொல்லிவிடக் கூடாது. "கூடையில் சேர்" என்று பட்டன் இருந்து, நீங்களும் "கூடையில சேருங்க" என்று சொன்னால் அவர் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

மூன்றாவது வேலையை நிஜப் பணத்தில் செய்ய வையுங்கள். சைட்டில் பணம் வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வேயின் சோதனை முறையில் யு.பி.ஐ. ஆப் நிஜமாகத் திறக்காது, குறை வருவதே அங்கேதான். தவிர, சொந்தக் காசு என்றால்தான் ஆள் நின்று படிப்பார். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்ணெயை அனுப்பிவையுங்கள், அவர் நேரத்துக்கு அதுவே சன்மானம். இது நல்ல ரிவ்யூவுக்கான விலை இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த வேலையில் அடிக்கடி வெளிவரும் ஒரு காட்சி: பணம் கட்டும் பக்கத்தில் க்யூஆர் கட்டம் மட்டும் வருகிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அது சரி. போனில் பார்ப்பவர், தன் போன் திரையில் இருக்கும் கட்டத்தைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் செய்வது என்று முழிப்பார். சிலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜிபேயில் ஏற்றுவார்கள், அதற்குள் பக்கத்தின் நேரம் முடிந்துபோகும். பலர் விட்டுவிடுவார்கள். போனில் திறந்தால் யு.பி.ஐ. ஆப்களின் பெயர்கள் பட்டனாக வந்து, தொட்டதும் நேராக ஆப் திறக்க வேண்டும். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் உலாவியில் சில நேரம் அதுவும் வேலை செய்யாது. முதல் வேலையை இன்ஸ்டாவிலிருந்து தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்த அரை மணி நேரம்

நேரில் என்றால் அவருக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி உட்காருங்கள். தூரத்தில் இருப்பவர் என்றால் கூகுள் மீட்டிலோ வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலோ திரையைப் பகிரச் சொல்லலாம். பணம் கட்டும் இடம் வந்ததும் பகிர்வை நிறுத்தச் சொல்லிவிடுங்கள், யு.பி.ஐ. பின் எண் திரையில் வரக் கூடாது. பதிவு செய்வதானால் முதலிலேயே அனுமதி கேளுங்கள்.

தொடக்கத்தில் இதைச் சொன்னால் ஆள் இலகுவாகிவிடுவார்: "அக்கா, நாங்க சோதிக்கிறது உங்கள இல்ல, இந்த சைட்டத்தான். எங்க குழம்புனாலும் அது எங்க தப்பு. மனசுல என்ன ஓடுதோ அத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க."

பிறகு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கடினம். அவர் பட்டனைத் தாண்டித் தாண்டிப் போகும்போது கை துறுதுறுக்கும். "இத அழுத்தணுமா தம்பி?" என்று கேட்டால், "நான் பக்கத்துல இல்லன்னா என்னக்கா பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். "அது மேல இருக்குக்கா" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தக் குறை அன்றைக்குப் பதிவாகாது. முழுசாக நின்றுபோனால், இரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அவர் வாய் சொல்வதையும் கை செய்வதையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் முரண்பட்டால் கையை நம்புங்கள். பின்னே போகும் பட்டனைத் தட்டுவது, மேலும் கீழும் மூன்று முறை உருட்டுவது, இரண்டு விரலால் பெரிதாக்குவது, தொட்டும் திறக்காத படத்தைத் திரும்பத் தொடுவது, திடீர் மௌனம் என்று எல்லாமே குறிப்புத்தான். முடிந்த பிறகு இரண்டே கேள்வி: "எங்க எரிச்சல் வந்துச்சு?", "எந்த இடத்துல விட்டுட்டுப் போயிரலாம்னு தோணுச்சு?"

முகப்புப் பக்கத்தை மட்டும் சோதிக்க இன்னும் சின்ன வழி உண்டு. பக்கத்தை 5 செகண்ட் காட்டி, மூடிவிட்டு, "இது என்ன கடை? என்ன வாங்கலாம்?" என்று கேளுங்கள். "ஏதோ இயற்கை சம்பந்தமா..." என்று இழுத்தால் முதல் திரையின் வாசகத்தை மாற்ற வேண்டும். "பாரம்பரியத்தின் சுவை" என்று எழுதியிருப்பீர்கள். "மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய், தமிழ்நாடு முழுக்க டெலிவரி" என்று எழுதுங்கள்.

தமிழ் எழுத்தில் தனியாகப் பார்க்க வேண்டியவை

ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டால் சில குறைகள் தவறாமல் வரும். "பை நவ்" என்று அளவெடுத்த பட்டனில் "இப்போதே வாங்குங்கள்" அடங்காமல் இரண்டு வரியாகும், அல்லது பாதியில் வெட்டப்படும். வரி இடைவெளி ஆங்கில அளவிலேயே இருந்தால் மேல்வரியின் கீழ்க்கொம்பும் கீழ்வரியின் மேற்சுழியும் முட்டும். எழுத்தளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வைத்தால் மூச்சுவிடும். எழுத்துகளுக்கு இடையே செயற்கை இடைவெளி கொடுக்கும் அமைப்பைத் தமிழுக்கு அணைத்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர், கேட்டமரன் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும். ஃபான்ட்டைச் சேர்க்காமல் விட்டால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். அதைத் தவிர்க்கப் பட்டியலைப் படமாக்கிப் போடுவார்கள். படத்தில் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், விலை மாறினால் யாரும் திருத்த மாட்டார்கள். எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிவிட்டால் ஒருநாள் வேலையோடு முடிந்தது.

டிசைன் தெரிந்தவர்களிடம் கேட்பதென்றால்

வாடிக்கையாளர் குறை எங்கே என்று காட்டுவார். ஏன் என்று சொல்ல டிசைனர் வேண்டும். அவரிடம் லிங்க்கோடு நாலு வரி எழுதி அனுப்புங்கள்: யார் வாங்குகிறார்கள், பக்கத்தில் நடக்க வேண்டிய ஒரே காரியம் என்ன, எதை மாற்ற முடியாது, இப்போது எதில் சிக்கல். இப்படி இருக்கலாம்:

"செக்கு எண்ணெய்க் கடை. வாங்குவோர் பெரும்பாலும் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், போனில்தான் பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் பாட்டில் பக்கத்தில் இருந்து ஆர்டர் வர வேண்டும். லோகோவும் ஷாப்பிஃபை தளமும் மாறாது. சோதித்த ஐந்து பேரில் நாலு பேருக்கு டெலிவரி கட்டணம் கண்ணில் படவில்லை. பொருள் பக்கத்தில் அதை எங்கே வைக்கலாம்?"

இப்படிக் கேட்டால் மூன்று உருப்படியான வழி வரும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் நிறம், ஃபான்ட் பற்றிப் பேச்சு வரும். முழுக்கப் புதிதாகச் செய்துவிடலாம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்பவர் உங்கள் சைட்டைப் பார்க்கவில்லை, உங்களிடம் இருக்கும் வேலையைப் பார்க்கிறார்.

வந்த கருத்துக்குப் பதில் வாதம் செய்யாதீர்கள். "அது ஏன் அப்படி வெச்சோம்னா..." என்று ஆரம்பித்தால் அடுத்த கருத்து வராது. "எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

குவிந்ததைப் பிரிப்பது

ஒரு கூகுள் ஷீட் திறந்து, ஒரு குறைக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். எந்தப் பக்கம், என்ன செய்ய முயன்றார், என்ன நடந்தது, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, எத்தனை பேருக்கு நடந்தது, எவ்வளவு தீவிரம். தீவிரத்துக்கு மூன்று படி போதும்: வாங்க முடியாமல் நின்றுபோனது, தடுமாறித் தாண்டியது, எரிச்சலோடு போனது. நின்றுபோனது ஒரே ஒருவருக்கு நடந்திருந்தாலும் முதல் வரிசைக்கு வரும். "கலர் பிடிக்கலை" என்பது ஐந்து பேர் சொன்னாலும், யாரும் அதனால் நிற்கவில்லை என்றால் கடைசிக்குப் போகும்.

மருந்தாகச் சொன்னதை நோயாக மாற்றி எழுதுவதில்தான் அனுபவம் தெரியும். "ஹோம் பேஜ்ல வீடியோ போடுங்க" என்றவருக்கு உண்மையில் இருந்தது, இது நிஜமாகவே மரச்செக்கா என்ற சந்தேகம். உங்கள் செக்கின் தெளிவான படம் ஒன்றும் ஊர்ப் பெயரும் அதைத் தீர்க்கும். வீடியோ பக்கத்தை மெதுவாக்கும். "விலை ஜாஸ்தி" என்பது டிசைன் குறை இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ பருப்பு ஆட்டுகிறீர்கள் என்ற கணக்கு விலைக்குக் கீழே இல்லாததால் அந்தப் பேச்சு வந்திருக்கலாம். ஒருவர் "படம் நிறைய வேணும்" என்றும் இன்னொருவர் "படம் அதிகம்" என்றும் சொன்னால், இருவரும் எந்த வேலையின்போது சொன்னார்கள் என்று பாருங்கள். முதலாமவர் பாட்டிலின் மூடியும் லேபிளும் பார்க்க விரும்பியிருப்பார், இரண்டாமவர் ஆர்டர் பட்டனைத் தேடிக்கொண்டிருந்திருப்பார். பட்டன் மேலே வந்தால் இரண்டும் தீரும்.

சைட்டைத் திருத்துபவரிடம் இந்த ஷீட்டையே கொடுங்கள். "செக்அவுட்டைக் கொஞ்சம் ஈஸியா பண்ணுங்க" என்றால் அவர் ஊகிப்பார். "பின்கோடு போட்ட பிறகும் டெலிவரி கட்டணம் அடுத்த பக்கத்தில்தான் வருகிறது, நாலு பேர் அங்கிருந்து பின்னே போனார்கள்" என்றால் செய்ய வேண்டியது அவருக்கே தெரியும். ஒரு சுற்றில் ஐந்து திருத்தங்களுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று பிரிக்க முடியாது.

திருத்தம் முடிந்ததும் புது ஐந்து பேர், அதே நாலு வேலை. பழைய ஆட்களுக்கு வழி பழகியிருக்கும். இடைப்பட்ட நாட்களில் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியைச் சைட்டில் சேர்த்து வையுங்கள். இலவசம், வருகிறவர் எங்கே தொட்டார், எதுவரை உருட்டினார் என்று பதிவாகக் காட்டும். தனியுரிமைப் பக்கத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். வாட்ஸ்அப் கேள்விகளுக்கும் மறுபடி கோடு போட்டு, "டெலிவரி சார்ஜ் எவ்ளோ?" குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் பலகாரத்துக்கு எண்ணெய் ஓடும் காலம், அப்போது செக்அவுட் பக்கத்தில் கைவைக்காதீர்கள். முதல் சுற்றை ஆடியிலும் இரண்டாவதை ஆவணியிலும் முடித்துவிட்டால், சீசனில் வாசகம், படம், விலை மட்டும் தொட்டால் போதும்.